ஓராண்டுக்கு ஒரு மகள்

வெளிநாட்டுப் படிப்பு என்ற பேச்சு எழுந்தவுடனே நம்மவர் மனத்தில், வங்கிக் கடனும், ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணும், மீனம்பாக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் தாயாரும், பட்டத்தின் முடிவில் கிடைக்கும் உத்தியோகமும், அந்த உத்தியோகத்தைக் கொண்டு அடைக்கவேண்டிய அதே வங்கிக் கடனுமாக ஒரு பூரணமான வட்டம் உருவாகிவிடுகிறது. அந்த வட்டத்தின் வழியாகவே இருபத்திரண்டு வயதில் அமெரிக்காவுக்கு வந்து, மோட்டார்த் தொழிலை நம்பி மிச்சிகன் மாநிலத்தில் குடியேறியவன் நான். ஆகையால், பட்டமோ உத்தியோகமோ எதையும் உத்தேசிக்காமல், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையை, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வசம் ஒரு முழுப் பள்ளியாண்டுக்கு ஒப்படைத்துவிடும் சம்பிரதாயம் உலகத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது என்பதை நெடுங்காலம் நான் அறியாமலே இருந்தேன். இங்கே இதை எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். பெயருக்குத்தான் பரிமாற்றம், ஒரு பிள்ளையைக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு பிள்ளை வரும் என்பதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டு மாணவரை அமெரிக்கக் குடும்பங்களில் அமர்த்தும் ஸ்தாபனம் ஒன்றுக்கு அவர் உள்ளூர்ப் பொறுப்பாளர். 2018ஆம் ஆண்டு வசந்த காலத்தில், பனி உருகி ஜனங்கள் வாசலுக்கு வரத் தொடங்கிய சமயத்தில், ஜெர்மனியிலிருந்து வரவிருக்கும் ஒரு பெண்ணுக்கு வீடு தேவைப்படுகிறது என்று அவர் வந்து கேட்டபோது, நான் சொன்ன முதல் பதில், எங்களுடையது அமெரிக்கக் குடும்பமே அல்லவே என்பதுதான். அந்த அம்மாள் என்னை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் வரி கட்டுகிறீர்களா, பனி தள்ளுகிறீர்களா, உங்கள் பெண் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தானே படிக்கிறாள் என்று மூன்று கேள்விகளை அடுக்கினார். அரசாங்க விதிகளில், மாணவரை வீட்டில் ஏற்கும் ஹோஸ்ட் குடும்பத்தின் நிறமோ, மதமோ, பூர்விகமோ எங்கும் பேசப்படவில்லை என்றும், குழந்தை இல்லாதவர்களும், தனித்து வாழ்பவர்களும்கூட இந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். என் மனைவி அன்றைக்கே சம்மதித்துவிட்டாள். எங்கள் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்கிறாளே என்ற விசாரம் என் மனைவிக்கு இருந்தது.

சம்மதித்த பிறகுதான் விசாரணை ஆரம்பமாயிற்று. பதினெட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை. உறவினர் அல்லாத இருவரிடமிருந்து நற்சாட்சி. நேரில் வந்து பேட்டி. பிறகு வீட்டின் முகப்பு, சமையலறை, கூடம், குளியலறை, மாணவர் படுக்கும் அறை ஆகியவற்றின் படங்கள். மாணவருக்கென்று தனிக் கட்டில் இருக்கவேண்டும், அது சோபாவாக மடிவதாகவோ காற்றடைத்த மெத்தையாகவோ இருக்கக்கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கூடத்தில் கோரைப்பாயை நீளவாட்டில் விரித்து ஏழெட்டுப் பேர் வரிசையாகத் தூங்கிய வீட்டில் வளர்ந்த எனக்கு இது வேடிக்கையாகவே இருந்தது. காரணம் தெரிந்த பிறகு வேடிக்கையாக இல்லை. 2009ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் நகரத்தில், இப்படி வந்த மாணவர் சிலர் குடியிருக்கத் தகாத வீடுகளில், வயிறாரச் சாப்பாடுகூட இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது அம்பலமாகி, அதன் பின்னர் 2010இல் வெளியுறவுத் துறை விதிகளை இறுக்கியது. படம் எடுக்கும் சடங்கு அப்போது வந்தது.

இதில் ஹோஸ்ட் குடும்பத்திற்குச் சம்பளம் கிடையாது. உணவும் இடமும் கொடுத்து ஓராண்டு வைத்துக்கொள்ளும் குடும்பம், வருமான வரிக் கணக்கில் மாதத்திற்கு 50 டாலர் வரையில் தர்மச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம், அவ்வளவே. எங்களிடம் வந்த ஜெர்மன் பெண்ணுக்குக் கிடைத்தது முழு உதவித்தொகை. ஆனால் பெரும்பாலான மாணவரின் பெற்றோர் ஸ்தாபனங்களுக்குப் பல்லாயிரம் டாலர் செலுத்தித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு காசும் சோறு போடுகிற வீட்டுக்கு வராது. ஸ்தாபனங்கள் கொஞ்சம் அடக்கமாக வசூலிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அதற்காக ஹோஸ்ட் குடும்பத்திற்குக் கூலி கொடுக்கத் தொடங்கினால், பிள்ளை என்ற ஸ்தானம் போய் வாடகைக்கு இருப்பவர் என்ற ஸ்தானம் வந்துவிடும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் பூர்வ கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, பிரான்சில் காயம்பட்ட சிப்பாய்களை வண்டிகளில் மருத்துவமனைகளுக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ் என்ற பெயரில் ஒன்று திரண்டார்கள். அவர்களைத் திரட்டியவர் பியாட் ஆண்ட்ரூ என்ற முன்னாள் பொருளாதாரப் பேராசிரியர். இரண்டாம் போரிலும் அதே வண்டிகளை ஓட்டி, அதே இரத்தத்தைத் துடைத்து அலுத்துப்போன தொண்டர்கள், ஸ்டீஃபன் கலாட்டி என்பவரின் தலைமையில் 1946இல் கூடி, மூன்றாவது முறை வண்டி ஓட்ட நேராமல் இருக்கவேண்டுமானால் பள்ளிப் பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் வாழச் செய்வதே வழி என்று தீர்மானித்தார்கள். 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். எங்கள் மிச்சிகனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆன் ஆர்பர் நகரத்தில் கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பில் பணியாற்றிய ரேச்சல் ஆண்ட்ரசன் என்ற அம்மாளின் முயற்சியால் 1951இல் ஜெர்மன் பிள்ளைகள் இங்கே வந்து குடும்பங்களில் தங்கினார்கள். ஆறே ஆண்டுகளுக்கு முன்னர் அந்தத் தேசத்தோடு யுத்தம் நடந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இந்த மாநிலம் எங்கும் இருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில், ஜெர்மன் பையனுக்கு ஒரு கட்டில் போடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்பதற்கு எத்தகைய மனத்திண்மை வேண்டும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

எங்களிடம் வந்த பெண் சாக்சனியைச் சேர்ந்தவள். லைப்சிக் நகரத்துக்கு அருகே ஒரு சிற்றூர். அமெரிக்கக் காங்கிரஸும் ஜெர்மனியின் பாராளுமன்றமாகிய புண்டஸ்டாகும் சேர்ந்து 1983இல், ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறிய முந்நூறாவது ஆண்டின் நினைவாக ஏற்படுத்திய உதவித்தொகையில் அவள் வந்தாள். அந்தத் திட்டத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஞானத்தந்தை போலப் பொறுப்பேற்கிறார் என்பதைக் கேட்டு, நம் ஊர் எம்.பி.யைப் பள்ளிப் பிள்ளை ஒன்று நேரில் பார்ப்பதற்கு என்ன பாடு படவேண்டும் என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தப் பெண் புறப்படுவதற்கு முன்னால் அவளுடைய பெற்றோர் கணினித் திரையில் எங்களோடு பேசினார்கள். எங்கள் வீட்டுச் சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. தந்தையார் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பதுதான். அந்த ஆண்டு மே மாதம் டெக்சஸ் மாநிலத்தில் சாண்டா ஃபே பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், கராச்சியிலிருந்து இதே போல ஓராண்டுக்கு வந்திருந்த சபிகா ஷேக் என்ற பெண் மாண்டுபோனாள். ஊர் திரும்ப அவளுக்குச் சில வாரங்களே மிச்சமிருந்தன. அதற்கும் முன்னால், 1992 அக்டோபரில், ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி, லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்தில், ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டின் மணியை அடித்த ஒரே காரணத்தால் சுடப்பட்டு இறந்தான். சுட்டவரை ஜூரிகள் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தார்கள். பையனின் பெற்றோர் ஜப்பானில் ஏறத்தாழப் பதினேழு லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி, வீடுகளில் துப்பாக்கி எளிதில் கிடைக்கலாகாது என்ற விண்ணப்பத்தோடு வாஷிங்டன் வந்து ஜனாதிபதி கிளின்டனைச் சந்தித்தார்கள். அதைக் காட்டிலும் என்னை அசைத்தது அவர்கள் செய்த இன்னொரு காரியம். மகன் பெயரில் ஒரு நிதியை நிறுவி, அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து படிக்க வழிசெய்தார்கள். மகனைக் கொன்ற தேசத்துப் பிள்ளைகளைத் தம் தேசத்துக்கு அழைத்து உபசரிக்கும் மனம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை, அடுத்த வீட்டில் இருக்கிறது, அவர் மான் வேட்டைக்காரர், பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார் என்று உள்ளதை உள்ளபடியே அந்தத் தந்தையாரிடம் சொன்னேன். மிச்சிகனில் நவம்பர் 15 மான் வேட்டை தொடங்கும் நாள். பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. அந்த விவரத்தை மட்டும் அவர் இரண்டு தடவை கேட்டு ஊர்ஜிதம் செய்துகொண்டார்.

ஆகஸ்டில் அவள் வந்து சேர்ந்தாள். பள்ளி வாழ்க்கையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மஞ்சள் பேருந்தும், வரிசையாக நிற்கும் லாக்கர்களும், வெள்ளிக்கிழமை இரவில் ஊரே திரண்டு பார்க்கும் ஃபுட்பால் பந்தயமும், ஹோம்கமிங் நடனமும் சினிமாவில் பார்த்தபடியே இருந்ததாக அவளே சொல்லிவிட்டாள். கொடிக்கு விசுவாசம் கூறும் காலைச் சடங்கில் எழுந்து நிற்பாள், வாயைத் திறக்கமாட்டாள். அவளுடைய தேசத்தில் கூட்டமாக உறுதிமொழி சொல்வதற்கு ஒரு கசப்பான சரித்திரம் இருக்கிறது, ஆசிரியரும் அதை அறிந்தவர், வற்புறுத்தவில்லை. கணக்கு அவளுக்கு மிக எளிதாக இருந்தது. சரித்திரம் கஷ்டமாக இருந்தது. சம்பாதித்த மதிப்பெண் அத்தனையும் அவளுடைய ஊர்ப் பள்ளியில் செல்லாக்காசு. திரும்பிப் போய் விட்ட வகுப்பிலிருந்தே அவள் தொடரவேண்டும். இதைக் கேள்விப்பட்ட எங்கள் தமிழ் நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில், ஓர் ஆண்டு வீணாகிவிடுகிறதே என்று அங்கலாய்த்தார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் பள்ளியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அதிதியைத் தெய்வமாகக் கொண்டாடும் வழக்கத்தில் ஊறிய நாம், வந்தவளைக் காலில் தண்ணீர் ஊற்றாத குறையாக வரவேற்று, தட்டைக் கழுவ எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்து, துணியை மடிக்கப் போனால் பிடுங்கிக்கொண்டு, மாடிப்படியில் அவள் காலடி கேட்டவுடனே என்ன வேண்டும் என்று ஓடினோம். இந்த ஏற்பாடு நமது உபசாரத்துக்கு நேர் விரோதமானது. ரோட்டரி சங்கத்தார் இதே போலத் தாம் அனுப்பும் மாணவர்களுக்கு முதல் இரவு வினாக்கள் என்று ஒரு தாளையே தயாரித்துக் கொடுக்கிறார்கள். உங்களை நான் எப்படி அழைப்பது, அழுக்குத் துணியை எங்கே போடுவது, காலையில் குளியலறை எந்த நேரத்தில் எனக்கு, பசித்தால் குளிர்பெட்டியை நானே திறக்கலாமா, எந்த வேலை என்னுடையது, இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்பவேண்டும் என்று கேள்விகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எங்கள் பொறுப்பாளர் அம்மாள் அத்தகைய தாள் ஒன்றைக் கொண்டுவந்து, மூன்றாவது வாரத்தில், சாப்பாட்டு மேஜையில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் பதில் எழுத வைத்தார். விருந்தாளிக்கு எந்த வேலையும் இல்லாதபடியால் எந்த உரிமையும் இல்லை என்பது எழுதும்போதுதான் விளங்கிற்று. குளிர்பெட்டியைத் திறக்க அவள் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் தாயார் அக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்தார்கள். குளிர் காலத்தில் வராதே என்று எவ்வளவு சொல்லியும், பனி விழுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம். வந்த மறுநாள், குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் மனைவியைப் பார்த்து, "எனக்கும் பதினாறு வயசுலதாம்மா கல்யாணம். வலங்கைமான்லேர்ந்து மாயவரம் போனேன். துணிய எங்க போடறது, யாருக்கு முன்னாடி சாப்பிடக்கூடாது, ஒண்ணும் யாரும் சொல்லலை. தப்பாப் பண்ணினப்புறம்தான் சொன்னாங்க, அதுவும் என்கிட்ட இல்ல, எங்கப்பாகிட்ட" என்றார்கள். என்னுடைய ஐம்பது வயதுக்குள் இந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை. முன்பின் அறியாத வீட்டில் போய், அந்த வீட்டு உப்பையும் ஒழுங்கையும் பழகி, அந்த வீட்டு மனுஷியாகவே ஆகிவிடும் வித்தையைத் தமிழ்நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றிருக்கிறார்கள்; திரும்பிப் போகத் தேதி குறிக்காமல், மாதம் ஒரு முறை வந்து சௌக்கியமா என்று தனியாக அழைத்து விசாரிக்க ஒரு பொறுப்பாளரும் இல்லாமல்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணைத் தயவுதாட்சணியம் இல்லாமல் வேலை வாங்கியவர்கள் என் தாயார்தான். வெங்காயம் உரிக்கச் சொல்வார்கள், கோலப் பொடி டப்பாவை எடுத்துவரச் சொல்வார்கள், என் பெண்ணுக்குத் தலை பின்னிவிடச் சொல்வார்கள், எல்லாம் தமிழில். அவள் பதில் ஆங்கிலத்தில். இருவருக்கும் இடையில் ஒரு தடவைகூடக் குழப்பம் நேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் தாயாருக்குக் குறை. பெண் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள், எவ்வளவு மன்றாடினாலும் மூன்றாவது இறங்காது.

ஜனவரி மாதக் கடைசியில் துருவச் சுழல் என்று பத்திரிகைகள் வர்ணித்த கடுங்குளிர் வந்தது. பள்ளிகளை நாள்கணக்கில் மூடிவிட்டார்கள். 30ஆம் தேதி இரவு எங்கள் எல்லோருடைய கைபேசிகளும் ஏககாலத்தில் அலறின. எரிவாயுக் கம்பெனியின் நிலையம் ஒன்றில் தீப்பிடித்துவிட்டதால், வீட்டுச் சூட்டை 65 டிகிரிக்கு, அதாவது நம் கணக்கில் பதினெட்டுக்கு, குறைத்துக்கொள்ளும்படி அரசாங்கம் வேண்டுகிறது என்ற செய்தி. எங்கள் தெருவாசி ஒருவர், என் வீடு என் காசு, நான் ஏன் குறைக்கவேண்டும் என்று மறுநாள் வாதித்தார். இந்தப் பெண்ணோ, நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் சுவரிலிருந்த பொத்தானை அழுத்திக் குறைத்துவிட்டு, கம்பளிகளை எல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விதிப்படி வாங்கிய கட்டில் அன்றிரவு காலியாகக் கிடந்தது. கூடத்தில், பாட்டிக்கும் என் பெண்ணுக்கும் நடுவில் அவள் தூங்கினாள். இதைப் பொறுப்பாளருக்கு மாதாந்தர விசாரணையில் தெரிவிக்கவேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். நான் தேவையில்லை என்றேன்.

எல்லா வீட்டிலும் இது இப்படிக் கைகூடுவதில்லை. நடுவில் வீடு மாறுகிற மாணவர்கள் ஏராளம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று பொறுப்பாளர் சொல்வார். அந்த ஆண்டு அவர் கவனித்த பையன் ஒருவன், ஓயாமல் கைபேசியில் தன் ஊரோடே பேசிக்கொண்டு, உடம்பு மிச்சிகனிலும் உயிர் ஐரோப்பாவிலுமாக மாதங்களை ஓட்டிவிட்டுப் போனான். கப்பலில் வந்து, கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த ஆரம்ப கால மாணவர்களுக்கு இருந்த அனுகூலம் இந்தத் தலைமுறைக்கு இல்லை.

நம் நாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், செனட்டர்கள் கென்னடியும் லூகரும் முன்னின்று, முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளுக்காக 2002இல் ஏற்படுத்திய யெஸ் என்ற உதவித்தொகையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. எல்லா மதத்தாரும் விண்ணப்பிக்கலாம், பெற்றோருக்குப் பெரிய செலவு இல்லை. ஆயினும் நம்மவரிடம் இதைச் சொன்னால், பதினொன்றாம் வகுப்பா, நீட் என்ன ஆவது, ஜே.இ.இ. என்ன ஆவது என்று பதறுகிறார்கள். பதற்றம் நியாயமானதே; போட்டித் தேர்வுகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால், பட்டம் பெற்று இருபத்திரண்டு வயதில் வந்த நான், எங்கள் ஊர்க்காரர் நால்வரோடு ஒரு குடியிருப்பில் தங்கி, எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்துத் தின்று, அமெரிக்கர் ஒருவருடைய வீட்டுக்குள் நுழைவதற்கே வருஷங்கள் ஆயின என்பதையும், பதினாறு வயதில் வந்த இந்தப் பெண் பத்தே மாதத்தில் இரண்டு தேசத்து வீடுகளை உள்ளிருந்து பார்த்துவிட்டாள் என்பதையும் அவர்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை. இரண்டு தேசம் என்று நான் சொல்வது மிகையன்று. பிராம் நடனத்துக்கு அவள் உடுத்திய கவுனைத் தைத்துக் குறுக்கிக் கொடுத்தவள் அடுத்த வீட்டு வேட்டைக்காரரின் மனைவி. பொங்கல் விழாவுக்கு உடுத்திய பாவாடை தாவணி என் மனைவியுடையது.

அவள் ஜூன் மாதத்தில் ஊர் திரும்பினாள். 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது அரசாங்கத் திட்டங்களில் வந்திருந்த பிள்ளைகளை அவசரம் அவசரமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதைக் கேட்டுப் பெற்றோர்களைவிட ஹோஸ்ட் வீட்டார்தான் அதிகம் கலங்கினார்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். எங்களிடம் இருந்த பெண் இப்போது டிரெஸ்டனில் படிக்கிறாள். அவளுடைய பெற்றோர் போன கோடையில் இங்கு வந்து எங்களோடு தங்கினார்கள். வந்த முதல் நாளே அந்தத் தந்தையார் எழுந்து தட்டைக் கழுவினார், நாங்கள் தடுக்கவில்லை.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் சில, இதை எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதுகின்றன. ஆகஸ்டு 31ஆம் தேதிக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் வீடு முடிவாகிவிட வேண்டும் என்பது விதி. ஜூலை மாதத்தில்கூட வீடு கிடைக்காத பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கவுன்சிலரைக் கேட்டால் யார் பொறுப்பாளர் என்று சொல்லிவிடுவார். எங்கள் தெரு ஆசிரியை போன வாரம் மறுபடியும் வந்தார். எங்கள் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள், அறை காலியாக இருக்கிறது. என் தாயாரைக் கைபேசியில் அழைத்து யோசனை கேட்டோம். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தத் தடவை ஆண் பிள்ளையாக, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள் என்று உத்தரவாகியிருக்கிறது. அப்படி ஒரு கட்டம் விண்ணப்பத்தில் இல்லை. இருந்தாலும் குறிப்பு எழுத விட்டிருக்கும் வெற்றிடத்தில் என் மனைவி அதை எழுதிக் கொடுத்துவிட்டாள்.